மேஸ்திரியும் மெமோவும்

1974 ஆடி மாதம். கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஒரு நூல் மில்லில் லேபர் ஆபீசராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது ஷிப்டில் ஏழாம் நம்பர் ரிங் பிரேமில் நின்ற ஆளை எட்டாம் நம்பருக்கு மாறச் சொன்னதற்கு, போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார் என ஸ்பின்னிங் மாஸ்டரிடமிருந்து சீட்டு வந்தது. எனக்கு வயது 23. சென்னையில் இரண்டு வருஷம் சமூகப்பணி படித்துவிட்டு வந்த கை துறுதுறுத்தது. நிலையாணைப் புத்தகத்தைப் புரட்டினேன். மேலதிகாரியின் நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. பொருத்தமான பிரிவு கிடைத்த சந்தோஷத்தில் டைப்பிஸ்டைக் கூப்பிட்டு மெமோ அடித்தேன். 48 மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

விளக்கம் வரவில்லை. மேஸ்திரி வந்தார்.

அவருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருக்கும். காதோரத்திலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் காயிதத்தைத் திருப்பி வாங்கிக்குங்க."

ஏன் என்று கேட்டேன்.

"எட்டாம் நம்பர்ல எதிர் சைடு பாக்கறவனும் இவனும் ஒரே ஊருங்க. பங்காளிக. ஒரே கெணத்துல தண்ணி முறை. பங்குனியிலிருந்து பேச்சுவார்த்தை கெடையாது. போன வாரம் மம்பட்டியைத் தூக்கிட்டாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மெசின் சந்துல ரெண்டு பேரையும் நிறுத்துனா எனக்குப் பயமா இருக்குதுங்க."

"இதை அவரே ஸ்பின்னிங் மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாமே?"

"ஊட்டு வெவகாரத்தைக் கொண்டாந்து ஆபீசுல எப்படிங்க சொல்லுவான்?"

மெமோவைத் திருப்பி வாங்கினேன். மேஸ்திரி அன்றைக்கே சம்பந்தமில்லாத இரண்டு பேரையும் சேர்த்து நாலு பேரை இடம் மாற்றினார். காரணம் அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தொழில் உறவுகள் என்ற பாடத்தில் நான் முதல் வகுப்பு வாங்கியவன். கிணற்றுத் தண்ணீர் முறையைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரி கிடையாது.

மேஸ்திரிக்குக் கோவில் கட்டப் போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதே மனிதர் வேறு என்னவெல்லாம் செய்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் அந்த வேலை எங்கிருந்து வந்தது, என் நாற்காலி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும். இரண்டுக்கும் இடையில் நூறு வருஷச் சண்டை இருக்கிறது.

மேஸ்திரி என்பது போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் ஊரில் ஆசானுக்கும் தொழில் தலைவனுக்கும் மெஸ்த்ரே என்று பெயர். இங்கே கொத்தனாருக்கு மேல் ஒரு மேஸ்திரி, தையல் கடையில் ஒரு மேஸ்திரி, சாலை போடும் இடத்தில் ஒரு மேஸ்திரி என்று அது பரவி, மில் வந்தபோது மில்லுக்குள்ளும் நுழைந்தது. பம்பாய் ஆலைகளில் அதே ஆளை முக்காதம் என்றார்கள், கல்கத்தா சணல் ஆலைகளில் சர்தார் என்றார்கள். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் அவர் கங்காணி. கம்பெனிக் காகிதங்களில் ஜாபர். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் பாதிப் பேர் ஜாபர் என்றேதான் சொல்வார்கள்.

பெயர் எதுவானாலும் வேலை ஒன்று. ஊருக்குப் போய் ஆள் பிடித்து வருவது, வந்தவனுக்கு வேலை பழக்குவது, யார் எந்த மெஷின் என்று நிறுத்துவது, வராதவன் இடத்தில் வேறொருவனைப் போடுவது, அபராதம் போடச் சொல்வது, கைமாற்றுக் கொடுப்பது, சண்டை தீர்ப்பது, பிடிக்காதவனை வெளியே அனுப்புவது. துரைக்கு மொழி தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இருக்கவில்லை. பஞ்சைத் தரகர் மூலம் வாங்கியதுபோல ஆளையும் தரகர் மூலம் வாங்கினார். அந்தத் தரகர் சம்பளப் பட்டியலிலேயே இருந்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சென்னை பெரம்பூரில் 1870களின் பிற்பாதியில் பக்கிங்ஹாம் மில்லும் அதையடுத்து 1880களில் கர்நாடிக் மில்லும் எழும்பின. இரண்டும் பின்னி கம்பெனியின் கையில் இருந்து, 1920-ல் ஒரே கம்பெனியாக இணைந்தன. ஊர் வாயில் அது பி அண்ட் சி மில். நான் படிக்கிற காலத்தில் அந்த நீண்ட மதிலை ஒட்டிப் பலமுறை நடந்திருக்கிறேன். மதிலுக்கு வெளியே நடந்த ஒரு விஷயம்தான் என்னைப் போன்றவர்களின் வேலைக்கு விதை என்று அப்போது எனக்குத் தெரியாது.

செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்று இரண்டு பேர் அந்தப் பகுதியில் ஒரு பக்தி சபை நடத்திவந்தார்கள். சாயந்தரம் கதை கேட்க, பஜனை கேட்க மில் ஆட்கள் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்த இடத்தில் குறையும் சொல்வார்கள். சாப்பாட்டு நேரம் போதவில்லை, வெள்ளைக்கார அசிஸ்டென்ட் கை நீட்டுகிறான், மேஸ்திரிக்குப் பிடிக்காவிட்டால் வேலை போய்விடுகிறது. கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல் அந்த இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா பத்திரிகையில் இருந்த பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். அவர் பார்சி, பேச்சு இங்கிலீஷில். அதைத் தமிழாக்கிச் சொல்லவும் தாமே முழங்கவும் திரு.வி.க. கூட நின்றார். முறையாக உறுப்பினர் சேர்த்து, சந்தா வாங்கி நடந்த இந்தியச் சங்கங்களில் அதைத்தான் முன்வரிசையில் வைக்கிறார்கள்.

சங்க வரலாறாக இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு ஒன்றை. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் இடத்தில் குறையைக் காதுகொடுத்துக் கேட்க உள்ளே ஒரு ஆள் இல்லை. ஒரு பஜனை மடம்தான் அதற்கு இடமாக இருந்திருக்கிறது. மேஸ்திரி மேல் புகார் என்றால் மேஸ்திரி வழியாகத்தான் துரையிடம் போக வேண்டும். அப்படிப்பட்ட ஏற்பாட்டில் புகாரே வராது, நிர்வாகமும் எல்லாரும் நலம் என்று நம்பிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் மொத்தமாக வரும்.

மொத்தமாகத்தான் வந்தது. 1920 டிசம்பரில் மில் தகராறில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. கம்பெனி உயர்நீதிமன்றம் போய் வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையாணை வாங்கியது. ஆட்களை வேலைக்குப் போகாமல் இருக்கச் சொன்னது ஒப்பந்தத்தை மீறத் தூண்டிய குற்றமாம். வாடியா சங்கத்தை விட்டு விலகும்படி ஆயிற்று. சங்கம் வைத்தாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற இந்த நிலைமைதான் 1926-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்துக்குக் காரணமாக இருந்த விஷயங்களில் முக்கியமானது.

1921 வேலைநிறுத்தம் இன்னும் கசப்பானது. மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள், ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி. ராஜா திரும்பியவர்கள் பக்கம் நின்றார். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் மறுபடி துப்பாக்கிச் சூடு. அக்டோபரில் தோற்றுத் திரும்பினார்கள். இதில் அரசாங்கத்தின் கை, கம்பெனியின் கை, சங்கத் தலைவர்களின் பிழை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். என் கணக்கு ஒன்றுண்டு. மேஸ்திரி ஆள் எடுத்தால் தன் தெரு, தன் சனம், தனக்குத் தெரிந்த சேரி என்றுதான் எடுப்பார். வேலை ஓடும்வரை அது பெரிய வசதி, ஒருவனுக்கு ஒருவன் ஜாமீன். சண்டை வந்துவிட்டால் ஷெட்டுக்குள் இருக்கும் கோடும் ஊருக்குள் இருக்கும் கோடும் ஒரே கோடு. ஒரு தறிக்கும் அடுத்த தறிக்கும் நடுவில் ஊர் முழுக்கப் பிளந்துகிடக்கும். 35 வருஷத்தில் நான் ஆள் எடுத்த எந்தப் பட்டியலிலும் ஒரே ஊர்க்காரரை ஒரே ஷெட்டில் மொத்தமாகப் போட்டதில்லை. அது புளியந்தோப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஜெயித்த கம்பெனி அடுத்த வருஷம் ஒரு காரியம் செய்தது. 1922-ல் பி அண்ட் சி மில்லில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகமும் சேர்ந்து உட்காரும் நலக் கமிட்டி ஒன்றை வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் குடியிருப்பும் நடத்திய கம்பெனிதான் அது, நல்லது செய்யத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடம் கட்டுவது வேறு, எதிரே உட்காரவைத்துக் கேட்பது வேறு. சங்கத்தை ஓரங்கட்டத்தான் கமிட்டி என்று சங்கக்காரர்கள் சொன்னார்கள், அதில் பொய்யில்லை. இருந்தாலும் மேஸ்திரியைத் தாண்டி ஒரு வாசல் திறந்ததை மறுக்க முடியாது. 25 வருஷம் கழித்து, நூறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் இப்படி ஒரு ஒர்க்ஸ் கமிட்டி வைக்கும்படி உத்தரவிடலாம் என்று 1947 தொழில் தகராறுச் சட்டம் எழுதிக்கொண்டது.

நடுவில், தொழிலாளர் நிலையை ஆராய வந்த விட்லி கமிஷன். 1929-ல் நியமித்து 1931-ல் அறிக்கை வந்தது. நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் அதில் ஓர் உறுப்பினர். தேசம் முழுக்கச் சுற்றிவிட்டு அவர்கள் சொன்னவற்றில் ஒன்று, ஆள் எடுப்பதையும் ஆள் நீக்குவதையும் ஜாபர் கையிலிருந்து பிடுங்குங்கள் என்பது. வேலை கிடைக்க ஒரு தடவை, வேலை நிலைக்க மாதாமாதம், லீவு போட்டுத் திரும்பினால் மறுபடி ஒரு தடவை என்று தொழிலாளி அவருக்குக் கப்பம் கட்டுகிறான் என்று கண்டார்கள். அதற்குப் பதிலாக லேபர் ஆபீசர் என்று ஒருவரை வையுங்கள், அவர் நேராக ஜெனரல் மேனேஜருக்கு மட்டும் பதில் சொல்லட்டும் என்றார்கள். அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நேர்மை வேண்டும், சுறுசுறுப்பு வேண்டும், ஒவ்வொரு ஆளையும் அறிந்துகொள்ளும் தன்மை வேண்டும், ஆட்களின் மொழி வேண்டும். பட்டம் வேண்டும் என்று அந்த வரிசையில் இல்லை. பட்டம் பிற்பாடு வந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய இரண்டு மூன்று வருஷங்களில் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1946-ல் நிலையாணைச் சட்டம், 1947-ல் தொழில் தகராறுச் சட்டம், 1948-ல் தொழிற்சாலைச் சட்டம். 500 பேர் வேலை செய்யும் இடத்தில் நல அதிகாரி கட்டாயம் என்றது கடைசிச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. என் சோறு அந்தப் பிரிவில்தான் வெந்தது. மாதிரி நிலையாணையில் குற்றங்களின் பட்டியலில் லஞ்சம் வாங்குவது, கொடுப்பது என்று ஒன்று இருக்கும். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் இதைப் படித்துவிட்டு, மில்லில் யார் சார் லஞ்சம் கொடுப்பார்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் மேஸ்திரி நிற்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் கோவைப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்தது போக, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு முளைத்த மில்களில் பெரும்பாலானவை உள்ளூர்க் குடும்பங்களுடையவை. முதலாளியே பக்கத்து ஊர்க்காரர், தொழிலாளியின் அப்பனைத் தெரியும். மொழி தெரியாத துரை என்ற சாக்கு இங்கே கிடையாது. ஆனாலும் மேஸ்திரி இருந்தார். அப்பனைத் தெரிவது வேறு, ராத்திரி ஷிப்டுக்கு எட்டுப் பேர் குறைகிறார்கள் என்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிவது வேறு.

இனி நம் மேஸ்திரிக்கு வருகிறேன்.

1977-ல் ஒருநாள் என் அறை வாசலில் ஒரு அம்மாள். கையில் தூக்குப் போசி, மேலே வைக்கோல். "சாமி, மேஸ்திரி ஊட்டுக்கு எப்படிங்க போறது? பையன் பதிலியா வந்துட்டு இருக்கறான்" என்றார். வைக்கோலுக்கடியில் நாட்டுக்கோழி முட்டை. லேபர் ஆபீசரிடமே வந்து லஞ்சத்துக்கு வழி கேட்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கோவிலுக்கு வழி கேட்பதுபோலக் கேட்டார். அவ்வளவு சகஜம்.

விசாரித்தேன். நிரந்தர ஆள் வராத நாளில் அந்த இடத்துக்குப் போடப்படுபவர் பதிலி. தினமும் மூன்று ஷிப்டுக்கும் கேட்டுக்கு வெளியே நாற்பது ஐம்பது பேர் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள். மேஸ்திரி வெளியே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவனுக்கு அன்றைக்குச் சம்பளம், மற்றவனுக்குச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுபோகும் வேலை. மாதத்தில் பதினைந்து நாள் கூப்பிட்டால் இரண்டு நாள் கூலி அவருக்கு. தீபாவளிக்கு வேட்டி. கிணற்றுச் சண்டையைத் தெரிந்துவைத்திருந்த அதே அறிவுதான் எந்த வீட்டில் கறவை மாடு இருக்கிறது, எந்தப் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதையும் தெரிந்துவைத்திருந்தது. ஆளை அறிவது என்று கமிஷன் சொன்னதில் பாதி இது.

மேனேஜரிடம் சொன்னேன். "அவர் இல்லாம ஷெட் ஓடுமா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு ஃபைலைப் பார்க்க ஆரம்பித்தார். எழுதிக் கொடுக்க ஒரு பதிலியும் தயாரில்லை. முட்டைக்கார அம்மாவின் மகன் என்னைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனான். விசாரணை வைத்தால் தோற்பேன் என்று தெரிந்தது. அதனால் ஒரு கரும்பலகை வாங்கினேன். பதிலிகளைச் சேர்ந்த தேதிப்படி வரிசைப்படுத்தி எழுதி, ஷிப்டுக்கு அரைமணி முன்னால் டைம் ஆபீஸ் குமாஸ்தா வரிசைப்படி கூப்பிடுவார் என்று ஏற்பாடு. முப்பத்தைந்து ரூபாய்ச் செலவு. என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்றால் அந்தப் பலகையைத்தான் சொல்வேன்.

மேஸ்திரி என்னோடு நாலு மாதம் பேசவில்லை. எதிரே வந்தால் கும்பிடுவார், அவ்வளவுதான்.

அந்த நாலு மாதமும் ஷெட் தள்ளாடியது. முதலில் அவர் வேண்டுமென்றே கெடுக்கிறார் என்று நினைத்தேன். கணக்கை எடுத்துப் பார்த்தால் தப்பு என் பலகையில் இருந்தது. வரிசைப்படி உள்ளே போன ஆள் நாற்பதாம் நம்பர் நூலில் பழகியவன், அன்றைக்குக் காலி இருந்த இடமோ எண்பதாம் நம்பர். மெல்லிய இழை. அவன் ஒரு பக்கம் இணைப்பதற்குள் மறுபக்கம் பத்து அறுந்திருக்கும். கழிவுப் பஞ்சு ஏறிக்கொண்டே போனது. யார் கைக்கு எந்த நூல் என்று பலகைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். போகும்போது என்ன பேசுவது என்று நினைத்துக்கொண்டு போனதெல்லாம் வாசலில் மறந்துவிட்டது. காபி வந்தது. குடித்து முடிக்கிறவரை இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவரே, "பட்டியல் உங்குளுதாவே இருக்கட்டுங்க தம்பி. உள்ள வந்தவன் எங்க நிக்கறதுன்னு எங்கிட்டக் கேளுங்க" என்றார். அதுதான் ஒப்பந்தம். யார் உள்ளே வருவது என்பது பலகை, எங்கே நிற்பது என்பது மேஸ்திரி. எழுத்தில் இல்லை. அவர் ரிட்டயராகும்வரை மீறவில்லை. கூலியில் பங்கு வாங்குவது நின்றது. தீபாவளி வேட்டி நின்றதா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்த நோட்டைக் காட்டினார். மளிகைக் கடையில் இருக்குமே, சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. பக்கத்துக்கு ஒரு ஊர். அந்த ஊரிலிருந்து வரும் ஆட்களின் பெயர், எந்த மெஷின், எந்த நூல், யாரோடு ஆகாது, யார் கூட நின்றால் வேலை ஓடும். தலைப்பில் அந்த ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, எந்த மாதம் என்று. நோம்பி சாட்டிவிட்டால் அந்த ஊர்க்காரன் எட்டுப் பேரும் வரமாட்டான் என்பது மேனேஜருக்கு ஒவ்வொரு வருஷமும் திடீர் அதிர்ச்சி. நோட்டுக்கு அது முன்கூட்டியே தெரியும். ஒரு மாதம் முன்னாலேயே நாலு பேரைக் கூப்பிட்டு, நீ பூவோட்டுக்குப் போ, நீ மஞ்சள் நீராட்டுக்குப் போ என்று பிரித்துவிடுவார். ஊர்க் காரியத்துக்குப் போகவே கூடாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் போவார்கள் என்று தெரியும்.

அவரிடம் நான் பார்த்துக் கற்ற வேறு சிலவும் உண்டு. ஷெட்டுக்குள் யாரையும் கண்டிக்கமாட்டார். ரிங் பிரேம் இரைச்சலில் கண்டிக்க வேண்டுமென்றால் கத்த வேண்டும், கத்தினால் காது கேட்காதவனும் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வான். தோளைத் தொட்டு வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போவார். தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சு. ஷிப்டு முடிகிற நேரத்தில் கடுமையான சொல் சொல்லமாட்டார், அவன் அதைப் பெண்டாட்டி மேல் இறக்குவான் என்பார். ஆளைப் பாராட்டியும் நான் கேட்டதில்லை. அவன் வீட்டுக் காதுகுத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பார். பாராட்டு அதோடு சரி. முக்கியமாக, வாக்குக் கொடுக்கமாட்டார். "பாக்கலாங்க" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்ச நம்பிக்கை. இதை நான் லேசாக எடுத்துக்கொண்டு 1982-ல் பட்டுத் தெளிந்தேன். இறந்துபோன ஒரு தொழிலாளியின் மகனுக்கு வேலை வாங்கித் தருகிறேன் என்று துக்க வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன். நிர்வாகம் தரவில்லை. அந்தப் பையன் இன்றைக்குச் சொந்தமாக விசைத்தறி வைத்து நன்றாக இருக்கிறான், கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வைத்தான். அவன் அம்மா மட்டும் கடைசிவரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மேஸ்திரிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1971-ல் தொழில் தகராறுச் சட்டத்தில் 11-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைநீக்கம் நியாயம்தானா, தண்டனை அளவுக்கு மிஞ்சியதா என்று தொழிலாளர் நீதிமன்றமே எடைபோடலாம் என்றது. அதன் பிறகு உள்விசாரணை ஒழுங்காக நடக்காவிட்டால் கம்பெனி கோர்ட்டில் நிற்பது கஷ்டம். நான் சேர்ந்தபோது வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதி, தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தது. அவர் சொன்னது ஒன்று, காகிதத்தில் இருப்பது ஒன்று. நான் தமிழில், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, படித்துக்காட்டி, திருத்தம் கேட்டுப் பிறகு கையெழுத்து வாங்கினேன். ஒரு விசாரணைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆகும். ஆனால் தான் சொன்னதைத் தன் மொழியில் அடுத்தவன் படிக்கக் கேட்கும்போது, பாதிப் பேர் தாமாகவே, "அது கொஞ்சம் தப்புத்தானுங்க, எழுதிக்குங்க" என்பார்கள். மேஸ்திரி இதை வேடிக்கையாகப் பார்த்தார். அவருக்கு எழுத்தில் நம்பிக்கை இல்லை, நோட்டு எழுதியவர் என்றாலும்.

பி அண்ட் சி மில் 1996-ல் மூடியது. எங்கள் பக்கத்தில் பழைய மில்கள் ஒவ்வொன்றாகச் சங்கு ஊதுவதை நிறுத்தின. என் போர்டில் லேபர் ஆபீசர் அழிந்து பெர்சனல் மேனேஜர் ஆனது, அதுவும் அழிந்து எச்.ஆர். ஆனது. நாற்காலி அதே நாற்காலிதான். 2009-ல் நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்கு முந்தைய பத்து வருஷங்களில் கண்ணெதிரே நடந்ததுதான் என்னை இதை எழுதவைக்கிறது. நிரந்தர ஆட்கள் குறைந்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளை ஏஜென்டுகள் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்று வருஷம் வேலை, ஹாஸ்டலில் தங்கல், முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணத்துக்கு ஆகும் என்று பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்களகரமாகப் பெயர். பிறகு ஒடிசா, பீகார், அசாம் பக்கத்திலிருந்து காண்ட்ராக்டர்கள் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று மில் காண்ட்ராக்டரிடம் கொடுக்கும், அவர் ஆளிடம் எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம். தங்குமிடம் அவர் கையில், ஊருக்குப் போக டிக்கெட் அவர் கையில், வேண்டாம் என்றால் வெளியே அனுப்புவதும் அவர். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970 முதலே புத்தகத்தில் இருந்தது. எச்.ஆர். பையன் நாலு இங்கிலீஷ் புத்தகம் படித்தவன், தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் பெங்களூர் போய்வந்தவன், அவனுக்கு இந்தியில் நாலு வார்த்தை வராது. ஆட்களிடம் எது சொல்வதானாலும் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுத்தான் சொல்கிறான். அவர்கள் எது சொன்னாலும் அவர் வழியாகத்தான் வருகிறது. குறை ஒன்றும் வருவதில்லை, எல்லாரும் நலம்.

1918-க்கு முந்தைய பெரம்பூர் இது. மேஸ்திரி போகவில்லை. கிணற்றுத் தண்ணீர் முறையை அறிந்திருந்த மேஸ்திரி போய்விட்டார், முட்டை வாங்கிய மேஸ்திரி வேறு பெயரில், பத்து மடங்கு பெரியவராக, ஜிஎஸ்டி நம்பரோடு திரும்பி வந்திருக்கிறார்.

எங்கள் மில்லை விற்றபோது டைம் ஆபீஸ் பதிவேடுகளை லாரி வைத்து எடைக்குப் போட்டார்கள். அறுபது வருஷத்து ஆஜர்ப் பட்டியல், ஒர்க்ஸ் கமிட்டி நடவடிக்கைக் குறிப்பு, நான் தமிழில் எழுதிய விசாரணைகள், எல்லாம். தகவல் தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் லாரி போய்விட்டது. மேஸ்திரி காலமான பிறகு அவர் மகளிடம் அந்தச் சிவப்பு அட்டை நோட்டைக் கேட்டேன். வீடு வெள்ளையடிக்கும்போது எதெதையோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டோம், அதில் போயிருக்கும் அண்ணா என்றார்.

பெரம்பூர், கோவை, மதுரை, பாபநாசம் என்று மில் இருந்த ஊர்களில் உங்கள் வீட்டில் யாராவது மேஸ்திரியாகவோ, டைம் கீப்பராகவோ, கமிட்டி உறுப்பினராகவோ இருந்திருப்பார்கள். பரண் மேலோ டிரங்குப் பெட்டியிலோ பித்தளை டோக்கன், கூலிச் சீட்டு, சங்க ரசீது, அப்படி ஒரு நோட்டு ஏதாவது கிடக்கலாம். எழுத்துப் புரியவில்லை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள்.